பூம்பூம் மாட்டு ஊராட்சி

எங்கள் பக்கம் ஒரு வார்த்தை புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருக்கிறது: விகசன சதஸ். அதாவது வளர்ச்சி மன்றம். 2025 செப்டம்பர், அக்டோபரில் உள்ளாட்சிகள்தோறும் இதை நடத்தச் சொன்னது கேரள அரசு. ஊராட்சி செய்து முடித்த சாதனைகளை வீடியோ போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து நெகிழ்ந்த மக்கள், வருங்கால வளர்ச்சிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கிறவர் வளர்ச்சிக்கு விரோதி.

நானும் போனேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சி, பெயர் எதற்கு? பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டன் சாயா, பரிப்புவடை. திரையில் ஒரு கால்வாய் வந்தது, ஓர் அங்கன்வாடி வந்தது, ஒரு தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்தது. பச்சைச் சட்டை போட்ட ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் குப்பை மூட்டையோடு ஓரிரு விநாடி தலைகாட்டினார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி நிஜமாகவே வேலை செய்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு. மீதி நேரமெல்லாம் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல்கள்.

கடைசியில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். தாள் முழுக்க மலையாளம். பக்கத்து நாற்காலிப் பாட்டி என் முழங்கையைத் தட்டி, "இதுல என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்றார். "வளர்ச்சிக்கு உங்க ஆலோசனைய எழுதச் சொல்றாங்க பாட்டி." "ஆலோசனையா? நம்மகிட்டயா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் வாக்கியத்தைத் தொலைத்துவிட்டார்.

ஆலோசனை சொல்வதற்கு முன் அறிக்கையை முழுக்கப் படிக்க வேண்டாமா? வீடியோவில் இடமில்லாமல் விட்டுப்போன பக்கங்கள் சில உண்டு. பாலக்காட்டின் கிழக்கு ஓரம் தொடங்கி இடுக்கியின் மலை முகடு வரைக்கும் உள்ள பக்கங்கள். தலைப்புகளை நான் மாற்றவில்லை. அவர்கள் சொல்கிற தலைப்புகளேதான்.

கூட்டாண்மைகள்

கூட்டாண்மை என்பது மேடைத் தமிழ். எங்கள் ஊர்த் தமிழில் பங்காளி. பங்காளி என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வரப்பைத் தள்ளிப் போடுகிறவர், கிணற்றில் பாதி தனக்கென்று வழக்குப் போடுகிறவர். பிளாச்சிமடைக்கு வந்த பங்காளி பாதியோடு நிற்கவில்லை.

சித்தூர் தாலுகா, பெருமாட்டி ஊராட்சியின் கிராமம் அது. 2000ஆம் ஆண்டு கொக்கோ கோலா ஆலைக்கு ஊராட்சி அனுமதி கொடுத்தது. வேலை வரும், வரி வரும், உலக வரைபடத்தில் ஊர் வரும் என்றார்கள். ஊராட்சி பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிற்று. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். எரவாளரும் மலசரும் வாழும் குடியிருப்புகளை ஒட்டி ஆலை எழுந்தது. ஊரை உலக வரைபடத்தில் சேர்ப்போம் என்ற வாக்கை மட்டும் காப்பாற்றினார்கள். தண்ணீர் தகராறுகளின் வரைபடத்தில் பிளாச்சிமடைக்கு இன்றும் தனி இடம் உண்டு.

கிணறுகள் கீழே போயின. மிச்சமிருந்த தண்ணீர் கெட்டது. அதில் உலை வைத்தால் சோறு கெடுகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அவர்களிடம் ஆய்வகம் கிடையாது, அடுப்பு இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வகங்களைவிட அந்த அடுப்பு முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிட்டது.

நிறுவனத்தின் சமூக சேவையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆலைக் கழிவுச் சேற்றை உரமென்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003இல் பிபிசி வானொலி அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துப் போய் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தது. காட்மியமும் ஈயமும் இருந்தன. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதித்துப் பார்த்துவிட்டு, உரமாகக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. பானத்தை விலைக்கு விற்றுவிட்டு, விஷத்தைத் தானமாகக் கொடுத்த வள்ளல்! கர்ணன் பரம்பரையில் இப்படி ஒருவர் வந்ததில்லை.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்துப் பெண் மயிலம்மா. அடுத்த ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பூம்பூம் மாடு தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டது!

அப்போதுதான் தெரிந்தது, மாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று. மாநில அரசு ஓடி வந்து ஊராட்சியின் முடிவை நிறுத்தி வைத்தது. ஊராட்சி உயர் நீதிமன்றம் போயிற்று. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் காவலன்தான் என்றார். ஊர் மூச்சு விட்டது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுத்துக்கொள்ளலாம், உரிமத்தைப் புதுப்பித்துக் கொடு என்றது. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, அதிகாரத்தைக் கிராமத்தின் கையில் கொடுத்ததாக உலகுக்கெல்லாம் பாடம் நடத்திய மாநிலம் இது. கொடுத்த அதிகாரத்தை ஒரு கிராமம் எடுத்துப் பிரயோகித்ததும் பதறிப் போனார்கள். கொலுவில் வைத்த பொம்மை இறங்கி வந்து சுண்டல் கேட்டால் வீட்டுக்காரர் பதற மாட்டாரா?

ஆலை 2004 மார்ச்சில் நின்றது. அப்புறம் நிலைத்து ஓடவே இல்லை. வென்றது பந்தல்தான். மயிலம்மா 2007இல் இறந்துபோனார். 2010இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு, நடந்த சேதம் 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீடு வாங்கித் தர ஒரு தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போயிற்று. ஆண்டுக்கணக்காக அங்கே கிடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது. எனக்கு அந்த 216 கோடியைவிடப் பின்னால் நிற்கும் 26 லட்சத்தின் மேல்தான் பிரியம். எவ்வளவு துல்லியம்! திருப்பித் தரப்போவதில்லை என்று முடிவான கடனைத்தான் மனிதன் பைசா சுத்தமாக எழுதி வைப்பான்.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2025 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியில் ஒரு மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தது. ஊராட்சி எதிர்த்தது. எங்களைக் கேட்கவே இல்லையே என்றது. நிலத்தடி நீரைத் தொடமாட்டார்கள், குழாய்த் தண்ணீர் இருக்கிறது, மழைநீரைச் சேமிப்பார்கள் என்று சமாதானம் வந்தது. மழை மேகம் பார்த்து உழவு ஓட்டும் கிழக்குப் பாலக்காட்டில், மழைநீர் பிடித்துச் சாராயம் காய்ச்சுவார்களாம். இருபத்தைந்து வருடத்தில் வளர்ச்சி இல்லையென்று யார் சொன்னது? 2000இல் ஊராட்சியைத் தலையாட்டச் சொன்னார்கள். 2025இல் அந்தச் சிரமத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

செயல்பாடுகள்

இனி மலையேறலாம். மூணாறு.

1924 வெள்ளத்தில் ஆறு குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே வாரிக்கொண்டு போனது. 2018 ஆகஸ்டில் முதிரப்புழை ஆறு மறுபடி ஊருக்குள் வந்தது. ஆறு எங்கே வரும், எதுவரை வரும் என்பது மூணாறில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஊராட்சிக்கும் தெரிந்திருக்கும்.

2019 பிப்ரவரி. வெள்ளம் வடிந்து ஆறே மாதம். மூணாறு ஊராட்சி என்ன செய்துகொண்டிருந்தது? அதே முதிரப்புழைக் கரையில் வணிக வளாகம் கட்டிக்கொண்டிருந்தது. மூணாறில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும், அது இல்லை. ஊருக்கெல்லாம் அனுமதி கொடுக்கும் அலுவலகம், தனக்கென்று வரும்போது அனுமதி கேட்கக் கூச்சப்பட்டது போலும். தேவிகுளம் சப் கலெக்டர் ரேணு ராஜ் வேலையை நிறுத்தச் சொன்னார். அன்றைய எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன், அந்தப் பெண்ணுக்குப் புத்தியில்லை என்கிற மாதிரி கேமரா முன்னாலேயே பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்குத் தடை போட்டது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். பெருமாட்டி தன் கிணற்றைக் காப்பாற்றக் கையைத் தூக்கியபோது, "உனக்கேது அதிகாரம்?" என்றார்கள். மூணாறு ஆற்றின் மடியில் கடை கட்டியபோது, "ஊராட்சி வேலையில் மூக்கை நுழைக்க நீ யார்?" என்று அதிகாரியைக் கேட்டார்கள். ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது சட்டத்தில் இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்பதில் இருக்கிறது. கொடுக்கவும் கட்டவும் என்றால் நீயே ராஜா. மறுக்கவும் தடுக்கவும் என்றால், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம், உட்கார்.

சமூக சேவைகள்

மூணாறில் எல்லாருமே பங்காளிகள் என்று சொன்னால் நம்புவீர்களா? 2005இல் டாட்டா தேயிலைத் தோட்டங்களைக் கைவிட்டபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவாயிற்று. பெரும்பகுதிப் பங்கு தொழிலாளர், ஊழியர் கையில். கொழுந்து கிள்ளுகிற பெண், கம்பெனியின் முதலாளிகளில் ஒருத்தி. அந்த முதலாளியம்மாவின் நாள் சம்பளம் 2015இல் 230 ரூபாய்ச் சொச்சம். குடியிருப்பு, தாத்தா காலத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஓர் அறை. அந்த வருடம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் முதலாளியம்மாக்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர், அதாவது பெண்கள் ஒற்றுமை. ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். அத்தனை சங்கம், அத்தனை கட்சி, அத்தனை ஊராட்சி உறுப்பினர் இருந்த ஊரில், முடியாது என்று சொல்லக் கடைசியில் அவர்களேதான் தெருவுக்கு வரவேண்டியிருந்தது.

வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீடில்லாதவருக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசிடம் லைஃப் திட்டம் இருக்கிறது. நிலமில்லாதவருக்கு வழி செய்வோம் என்றும் அதில் இருக்கிறது. மூணாறில் நிலம் தேடிப் பாருங்கள்: இது கம்பெனியுடையது, அது வனத்துறையுடையது, இரண்டுமில்லாத இடத்தில் ரிசார்ட் முளைத்திருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த மலையைச் சீவிச் சிங்காரித்தவர்களுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. பெட்டிமுடி. ராஜமலைக்கு அப்பால், லய வரிசைகளின் மேல் மலை இறங்கியது. பேய்மழை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. உயிர் தப்பியவர்கள் இருட்டில் கத்தினார்கள். வெளியுலகத்துக்குத் தெரிய விடியவேண்டியிருந்தது. தெரிந்து ஓடி வந்த வண்டிகளுக்கும் வழியில்லை. 2018 வெள்ளத்தில் சேதமான பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாகத் தற்காலிகப் பாலம் போட்டிருந்தார்கள். அதையும் அந்த மழை கொண்டுபோயிருந்தது. புதுப் பாலத்தை அப்போது கட்டிக்கொண்டே இருந்தார்கள். அறுபத்தாறு உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. எழுபது பேர். ஏறக்குறைய எல்லாருமே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்.

மறுநாள் மாலை கரிப்பூர் விமான நிலையத்தில் ஒரு விமானம் விபத்துக்குள்ளானது. முதல்வர் பினராயி விஜயன் அதற்கு அடுத்த நாளே கரிப்பூர் போனார். போகவேண்டியதுதான். பெட்டிமுடிக்கு வந்தது ஆகஸ்ட் 13. வானிலை சரியில்லை என்றார்கள். உண்மைதான், பெட்டிமுடியில் வானிலை சரியில்லாமல்தான் போயிற்று. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம். லயத்தில் புதைந்தவர் குடும்பத்துக்கு அறிவித்தது 5 லட்சம். அந்த விமானத்தில் வந்தவர்களில் பலரும் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள். அவர்கள் சாவுக்கு விலை அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: பாதி என்று எந்தத் தராசில் நிறுத்தார்கள்? உயரத்திலிருந்து விழுந்தால் பத்து, உயரம் நம்மேல் விழுந்தால் ஐந்து என்று அரசாணை ஏதும் இருக்கிறதா?

பெட்டிமுடியிலிருந்து உடனடியாக அரசுப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஓர் உயிரை நான் அறிவேன். குவி என்கிற நாய். நாள்கணக்கில் மண்ணை மோந்து அலைந்து, தான் கூட விளையாடிய குழந்தையின் உடலைக் காட்டிக் கொடுத்தது. இடுக்கிப் போலீசின் நாய்ப்படை அதைத் தத்தெடுத்தது. சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், செய்தித்தாளில் படம். சில மாதம் கழித்து, தப்பிப் பிழைத்த பாட்டியிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் வீடும் கிடைத்தது. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் நன்றி சொல்கிறேன். எழுபது பேர் புதைந்த பிறகு எட்டு வீடு. மூணாறு லயங்களில் மழைக்காலம் தோறும் மலையைப் பார்த்தபடி படுக்கிறவர்கள், இந்த விகிதத்தை வைத்துத் தங்கள் முறையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் இறங்கினால் இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்கள் கதை சொல்வார்கள். முதுகிலிருந்து இன்னும் சுமை இறங்கவில்லை. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் மூங்கிலில் கம்பளி கட்டிய மஞ்சலில் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் காட்டில் நடந்தார்கள். ஊராட்சி அலுவலகம் எங்கே இருந்தது என்கிறீர்களா? தேவிகுளத்தில். மக்கள் காட்டில், அலுவலகம் தாலுகா ஊரில். குடிகளுக்குப் போக ரோடு இல்லையென்பதால், ரோடு போடவேண்டிய அலுவலகம் ரோடு உள்ள இடத்தில் இருந்தது. ரோட்டு வேலை பிற்பாடுதான் தொடங்கிற்று. ஊராட்சிகளுக்கு உரிமை கொடுத்த அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் 1993லேயே வந்துவிட்டது. அதுவும் நடந்தே வந்திருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் அந்த முதுவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வெளியாள் யாரும் வரவேண்டாம், நாங்களும் தேவையில்லாமல் வெளியே போகவில்லை என்று தாங்களே முடிவெடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தொற்றுகூட இல்லை. நாட்டிலேயே உருப்படியாக நடந்த உள்ளாட்சி நிர்வாகம் அதுதான். 2021 ஜூன் கடைசியில் ஒரு எம்.பி. இணையவழிக் கல்விக்கான கருவிகளோடு வந்தார், கூடவே ஒரு யூடியூபர். வேண்டாம் என்ற ஊருக்குள் கேமரா நுழைந்தது. ஜூலையில் முதல் தொற்று பதிவாயிற்று. இதனால் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. முதுவர் சொன்ன 'வேண்டாம்' எத்தனை நாள் தாங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு சேவை பாக்கி: சாதிச் சான்றிதழ். தோட்டத் தொழிலாளியின் பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போனால், உன் குடும்பம் 1950க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். ஆதாரம் மலை முழுக்கப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. தேயிலைச் செடிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அவ்வளவுதான். 1956இல் எல்லை போட்டவர்கள் தேவிகுளம், பீர்மேடு மலையைக் கேரளத்தில் சேர்த்தார்கள். மலையைத் தோட்டமாக்கியவர்களைச் சேர்ப்பதற்குத்தான் இன்னும் ஆதாரம் போதவில்லை.

ஆலோசனை

2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதரித்திரம் ஒழிந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. இனி எங்களிடம் இருப்பது வெறும் தரித்திரம்தான். 'அதி'யை ஒழித்தவர்கள் மீதிக்கும் ஒரு தேதி குறிப்பார்கள்.

சதஸுக்குத் திரும்புகிறேன். தாளை வாங்கிப்போக ஆள் வந்து நின்றார். பாட்டி, "எனக்கும் சேத்து நீயே எழுது கண்ணு" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. "எங்க ஊட்டுக் கெணறு உப்பா இருக்குது. அத எழுது. அதுக்கு மேல புதுசா எதாச்சும் கொண்டாறதா இருந்தா, வேண்டாம்னு எழுது."

தாளில் திட்டம் கேட்கக் கட்டம் இருந்தது, பயனாளி பெயருக்குக் கட்டம் இருந்தது, நன்றி சொல்லக்கூட அடியில் இடம் இருந்தது. மறுப்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே குறுக்கே பெரிதாக எழுதினேன். ஆள் வாங்கிப் பார்த்தார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே, என்ன எழுதியிருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார்.

"வேண்டா" என்றார் பாட்டி.

இத்தனை வருடமாக எங்கள் மனுக்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு இல்லை, மொழி தெரிந்த ஆள் இல்லை, அடுத்த வாரம் வா என்று சொன்ன அலுவலகத்தின் ஆளுக்கு அந்த ஒரு சொல் அட்சரம் பிசகாமல் புரிந்தது. முகம் கறுத்துப் போயிற்று.